1969 கமாரோவைப் புதுப்பிக்க ஒரிஜினல் பாகங்கள் எங்கே கிடைக்கும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒஹையோவில் 1969 ஷெவர்லே கமாரோ ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், 350 வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர், 350 கன அங்குலக் கொள்ளளவு). விற்றவர் "நம்பர்ஸ் மேட்சிங்", அதாவது காரோடு பிறந்த எஞ்சினே இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இடது ஃபெண்டரின், அதாவது முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகரத்தின், கீழ்ப்பகுதி துருவில் உதிர்கிறது. கார்புரேட்டரும் ஆல்டர்னேட்டரும் வேறு வண்டியிலிருந்து வந்தவை என்று பார்த்தாலே தெரிகிறது. இவற்றுக்கு ஒரிஜினல் பாகம் எங்கே கிடைக்கும், இணையத்தில் "ஓஇஎம்" என்று போட்டு விற்பவர்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே என்பதற்கு அரைப் பக்கத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் காருக்கு எது ஒரிஜினல் என்று முடிவு செய்யாமல் கிளம்பினால், அளவு தெரியாமல் செருப்பு வாங்கப் போன கதைதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் டெட்ராய்ட் பக்கம் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பிழைப்பு வேறு. சனி, ஞாயிறுகளில் நண்பர் ஒருவரின் கராஜில் பழைய ஷெவர்லேக்களோடு மல்லுக்கட்டுவேன். முதல் தலைமுறைக் கமாரோ (1967 முதல் 1969 வரை) மட்டும் ஆறு வண்டிகளை முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறோம். ஃபோர்டிலும் க்ரைஸ்லரிலும் நான் கை வைத்தது குறைவு. அவற்றைப் பற்றி இங்கே சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேச்சில் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டே வகை. இந்த வேலைக்கு அது போதாது. உங்கள் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அதில் பூட்டியிருந்த பாகம் ஒரு வகை. அதே எண்ணும் நெருங்கிய தேதியும் கொண்ட, இன்னொரு காரிலிருந்து கழற்றிய பாகம் அடுத்த வகை. என்ஓஎஸ் என்பது ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் அந்தக் காலத்தில் செய்து அனுப்பி, டீலர் கடை அலமாரியில் விற்காமல் தங்கிப்போன புதுப் பாகம். பலர் சறுக்குவது இங்கேதான். என்ஓஎஸ் என்றாலே அசெம்ப்ளி லைனில் வந்ததற்குச் சமம் என்று நினைத்துவிடுகிறார்கள். டீலர் கடைக்குப் போனவை பழுதுபார்ப்பதற்கான சர்வீஸ் பாகங்கள். பெட்டியில் இருப்பது 1969இல் செய்ததாகவும் இருக்கலாம், பத்து வருடம் கழித்துச் செய்ததாகவும் இருக்கலாம். ஒரே பாகத்தைப் பல மாடல்களுக்கு ஓட்டவேண்டும் என்று துளையையோ முலாமையோ மாற்றியிருப்பார்கள். எம்ப்ளம் துளையே போடாத ஃபெண்டர் வரும், நீங்களே அளந்து துளைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வகை இன்றைக்குப் புதிதாகச் செய்யும் ரீப்ரொடக்‌ஷன். "ஜிஎம் ரெஸ்டரேஷன் பார்ட்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது உரிமம் பெற்ற ரீப்ரொடக்‌ஷன்தான். தரம் நன்றாக இருக்கலாம், ஆனால் 1969இல் செய்தது ஆகாது. ஓஇஎம் என்ற சொல் முறைப்படி கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுத்த அதே தயாரிப்பாளரைக் குறிக்க வேண்டும். விற்பனைத் தளங்களில் அதை உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுகிறார்கள். என் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. பாகத்தின் மேல் குத்தியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் மேல், கண்ணாடி வழியாகத் தெரியும் சின்னத் தகட்டில் பதின்மூன்று இடங்கள் கொண்ட வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண் இருக்கும். 124379 என்று தொடங்கினால்: 1 ஷெவர்லே, 24 வி8 கமாரோ, 37 மூடிய கூரை, 9 என்பது 1969. அடுத்து வரும் எழுத்து 'என்' என்றால் ஒஹையோவில் சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட் ஆலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. நார்வுட் வண்டியாக இருந்தால் உங்கள் மாநிலத்திலேயே பிறந்தது. அந்த ஆலையை 1987இல் மூடிவிட்டார்கள். இந்த எண்ணிலிருந்து உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான். ஆறு சிலிண்டரா எட்டா என்று சொல்லும். எட்டு என்றால் 307ஆ, 350ஆ, 396ஆ என்று சொல்லாது. எஸ்எஸ் என்ற வேக மாடலா என்றும் சொல்லாது. வின் எண்ணை வைத்து "இது எஸ்எஸ்" என்று யாராவது நிரூபித்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எஞ்சின் அறையின் பின்சுவரில், ஓட்டுநர் பக்கம், இன்னொரு தகடு இருக்கும். ட்ரிம் டேக் என்பார்கள். அதில் பெயின்ட், இருக்கை உறைக் குறியீடுகளோடு ஒரு தேதியும் இருக்கும். '03 சி' என்றால் மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரம். இந்தத் தேதிதான் இனி உங்களுக்குப் பஞ்சாங்கம். 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் வண்டிகளின் டேக்கில் 'எக்ஸ்' எழுத்தோடு ஒரு எண்ணும் வரும். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்/28 என்ற இன்னொரு வேக மாடல். ஆனால் எக்ஸ்11 இருப்பதால் மட்டும் எஸ்எஸ் என்று சொல்ல முடியாது, சாதாரண வி8 வண்டிக்கும் அது வரும். விளம்பரங்களில் "எக்ஸ்11, உண்மையான எஸ்எஸ்" என்று வாராவாரம் பார்க்கிறேன். பாதி உண்மையை முழு விலைக்கு விற்கிறார்கள்.

ஃபோர்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்குத் தயாரிப்புப் பதிவுகள் பிழைத்திருக்கின்றன. மார்ட்டி ரிப்போர்ட் என்று பணம் கட்டி வாங்கினால், வண்டி எந்த நாளில் எந்த வசதிகளோடு வந்தது என்று தெரிந்துவிடும். ஜிஎம்மின் இன்னொரு பிராண்டான பான்டியாக் வண்டிகளுக்கும், கனடாவில் விற்ற ஜிஎம் வண்டிகளுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அது கிடையாது. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஆதாரம் ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட், அதாவது வாரண்ட்டிப் புத்தகத்தோடு கொடுத்த சின்ன உலோகத் தகடு. வின் எண், எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் அதில் இருக்கும். விற்றவரிடம் கேளுங்கள், அவருக்கு முந்தைய உரிமையாளரையும் தேடிப் பாருங்கள். பழைய மேசை இழுப்பறையிலிருந்து வந்த கதைகள் உண்டு. இதையும் இப்போது போலியாக அடிக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி எஞ்சின். முன்பக்கம், பயணி இருக்கைப் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே பிளாக்கின் மேல் ஒரு தட்டையான இடம் இருக்கும். அங்கே எஞ்சின் ஆலையின் எழுத்து, மாதம், நாள், கடைசியில் இரண்டெழுத்துக் குறியீடு என்று ஒரு வரி குத்தியிருக்கும். 'வி' என்றால் ஃப்ளின்ட் ஆலை. அந்த வரிக்குப் பக்கத்திலோ ஆயில் ஃபில்டர் அருகிலோ காரின் வின் எண்ணின் சுருக்கம் இருக்க வேண்டும்: 1, 9, ஆலை எழுத்து, ஆறு இலக்கங்கள். அது உங்கள் டேஷ்போர்டுத் தகட்டோடு ஒத்துப்போனால்தான் நம்பர்ஸ் மேட்சிங். பிளாக்கின் பின்புறம் இருக்கும் வார்ப்பு எண், உதாரணமாக 3970010, இதை நிரூபிக்காது. அந்த வார்ப்பு லட்சக்கணக்கான வண்டிகளில் போனது. வார்ப்பு எண் வேறு, பாக எண் வேறு என்பதையும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பாகப் பட்டியலில் 3970010 என்று தேடினால் கிடைக்காது. ஒருவேளை குறியீடு 'சிஇ' என்று தொடங்கினால், வாரண்ட்டியில் ஜிஎம் மாற்றிக்கொடுத்த பிளாக். அசல் ஜிஎம் பிளாக், ஆனால் உங்கள் காரோடு பிறந்தது அல்ல.

குத்திய எண் உண்மையா என்பதில்தான் சந்தேகத்துக்கு இடம் அதிகம். ஆலையில் அந்தத் தளத்தை ப்ரோச் செய்வார்கள், அதாவது பல் வரிசை கொண்ட கருவியால் நேராகச் சீவுவார்கள். முன்னிருந்து பின்னாக நேர்கோட்டில் மெல்லிய வரிகள் தெரியும். பின்னாளில் மெஷின் ஷாப்பில் சீவினால் வரிகள் வட்டமாக வளையும், பழைய எண்ணும் போய்விடும். வளைந்த வரிகள் மேல் பளிச்சென்று எண் இருந்தால், யாரோ பிற்பாடு குத்தியது. இது ஓரளவு உறுதி. நேர்வரிகள் இருப்பதால் மட்டும் எண் உண்மை என்று ஆகாது, அந்த வரிகளையும் இப்போது போலியாக உண்டாக்குகிறார்கள். படத்தை மட்டும் பார்த்து நானோ வேறு யாரோ தீர்ப்புச் சொன்னால் அதை அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பணம் சம்பந்தப்பட்டிருந்தால் நேரில் வந்து பார்க்கும் கமாரோ நிபுணருக்குக் கூலி கொடுப்பதே மேல்.

தேதிக் கணக்கு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். வார்ப்புப் பாகங்களில் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு மாதங்கள், பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். 'பி 12 9' என்றால் 1969 பிப்ரவரி 12. வார்த்தது முதலில், எஞ்சின் பூட்டியது அடுத்து, கார் பூட்டியது கடைசியில். இந்த வரிசை மாறவே கூடாது. இடைவெளி சில நாளாகவும் இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம். மார்ச் மாதக் காரில் ஏப்ரல் மாத ஆல்டர்னேட்டர் இருந்தால், அது பிறகு வந்தது என்பதில் விவாதமே இல்லை. ஜனவரி மாதத்தது இருந்தால் பொருந்தும், ஆனால் அதே காரில் வந்ததுதான் என்று நிரூபிக்க முடியாது. டெல்கோ-ரெமி ஆல்டர்னேட்டரின் முன் உறையில் ஏழு இலக்க எண், ஆம்பியர், '9 பி 12' மாதிரி ஒரு தேதி, மூன்றும் இருக்கும். ராசெஸ்டர் க்வாட்ராஜெட் என்ற நான்கு பேரல் (நான்கு காற்றுத் துளை) கார்புரேட்டரில் எண் 7029 என்று தொடங்கினால் 1969. ஷெவர்லே வண்டிக்கானதில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் கையால் மாற்றும் கியர், இரட்டைப்படை என்றால் ஆட்டோமேட்டிக். தேதி நாலு இலக்கம்: '0639' என்றால் 1969ஆம் வருடத்தின் 63ஆவது நாள், அதாவது மார்ச் 4. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. 1969இல் கமாரோவின் 350, இரண்டு பேரல் கார்புரேட்டரோடும் வந்தது, நான்கு பேரலோடும் வந்தது. எஞ்சினின் இரண்டெழுத்துக் குறியீட்டைப் பார்க்காமல் க்வாட்ராஜெட் வாங்கிவிடாதீர்கள். உங்கள் காருக்கு அது ஒரிஜினலே இல்லாமல் போகலாம்.

இப்போது எங்கே என்ற கேள்வி. முதல் இடம் உங்கள் கராஜ். காரிலிருந்து கழற்றிய எதையும், ஒரு போல்ட்டைக்கூட, வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். பழைய போல்ட் தலையில் 'டிஆர்', 'எம்' என்று தயாரிப்பாளர் குறி இருக்கும், இன்றைய கடை போல்ட்டில் அது இருக்காது. ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பிரித்து உள்பாகம் மாற்றினால் இன்னும் முப்பது வருடம் ஓடும். தேய்ந்த அசலைச் சரிசெய்வது, பளபளக்கும் புதியதை வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாகவும் முடியும், மதிப்பாகவும் இருக்கும்.

இரண்டாவது இடம் ஸ்வாப் மீட், அதாவது கார் பாகங்களுக்கான சந்தை. பென்சில்வேனியாவில் கார்லைல் சந்தை வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை. அக்டோபரில் அதே மாநிலத்தில் ஹெர்ஷி சந்தை. அது இன்னும் பழைய கார்களுக்குப் பேர்போனது என்றாலும், அறுபதுகளின் பாகங்களும் கிடைக்கும். உங்கள் பக்கத்திலேயே ஒஹையோவின் ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் நடக்கிறது. விடியற்காலையில், டார்ச் விளக்கோடு போக வேண்டும். நல்ல சாமான் பத்து மணிக்குள் வியாபாரிகளுக்குள்ளேயே கை மாறிவிடும். எண்களையும் தேதி வரம்பையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பிப் போய் நானே ஒரு முறை ஆட்டோமேட்டிக் வண்டியின் கார்புரேட்டரை வாங்கி வந்தேன். நவம்பரில் சிகாகோ பக்கம் ரோஸ்மான்ட்டில் மஸில் கார்களுக்கென்றே (பெரிய எஞ்சின் போட்ட அந்தக் காலத்து வேக வண்டிகள்) நடக்கும் பெரிய கண்காட்சிக்கு, வாங்காவிட்டாலும் ஒரு முறை போய் வாருங்கள். யாரும் கை வைக்காத, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளை அங்கே குனிந்து படம் எடுக்கலாம். எந்த போல்ட் கறுப்பு, எந்தக் குழாய் எப்படி வளைகிறது என்று புத்தகத்தில் புரியாதது அங்கே ஒரு நிமிடத்தில் புரியும்.

மூன்றாவது ஜங்க்யார்டு, நம் காயலான் கடை. 1969 கமாரோ முழுதாக நிற்கும் கிடங்கு இன்று அபூர்வம். அதனால் பக்கத்து மாடலிலிருந்து எது பொருந்தும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகத்தின் பழைய பதிப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எந்தெந்த வண்டிகளில் பொது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். முதல் தலைமுறை பான்டியாக் ஃபயர்பேர்டும் கமாரோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1968 முதலான ஷெவர்லே நோவாவிலும் அடிப்பாகத்தில் பல ஒன்றுதான். ஆர்வலர்கள் கமாரோவை மொய்த்த காலத்தில் நோவாவை யாரும் சீண்டவில்லை, அங்கே இன்னும் கிடைக்கிறது. ஊரையும் பாருங்கள். அரிசோனா வண்டியில் தகரம் காய்ந்து நன்றாக இருக்கும், டேஷ்போர்டும் ரப்பரும் வெயிலில் வெடித்திருக்கும். மிச்சிகன், ஒஹையோ வண்டியில் பனிக்கால உப்பு தரையைத் தின்றிருக்கும், உள்ளே பிளாஸ்டிக் பிழைத்திருக்கும். தகரத்தைப் பாலைவனத்திலிருந்தும், உள் அலங்காரத்தை வடக்கிலிருந்தும் வாங்குவது எங்கள் வழக்கம்.

இணையத்தில் ஏல விற்பனைகளை ஒதுக்கச் சொல்லவில்லை, ஆனால் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஒரு பிப்ரவரி மாதக் காருக்கு, சரியான தேதி போட்ட ஆல்டர்னேட்டர் என்று நானூறு டாலர் கொடுத்து வாங்கினேன். வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், எண் இருந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளம். உப்புத்தாள் போட்டு இழைத்துப் புது எண் குத்தியிருக்கிறார்கள், அடியில் பழைய 7 ஒன்று ஆவி மாதிரி எட்டிப் பார்க்கிறது. பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து எண்ணை நேராக ஒரு படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் என்று இரண்டு கேட்கிறேன். ஜிஎம் பெட்டிகளையும் லேபிள்களையும் அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: யாராவது தனியாக வின் தகடு விற்க வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அமெரிக்காவில் அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். உங்கள் காரிலேயே தகடு மாறியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலிலும் (எஞ்சின் அறையின் பின்சுவர்), முன் கண்ணாடிக்குக் கீழே கவுல் மூடிக்கு அடியிலும் அதே எண்ணின் சுருக்கம் குத்தியிருக்கும். பிரிக்கும்போது பாருங்கள்.

ஒரிஜினல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், எரிபொருள் குழாய், டயர், இவற்றில் ஐம்பது வருடப் பழைய சரக்கு எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வாங்காதீர்கள். ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிழடாகும். அந்தக் காலத்து ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதை ஊதித் துடைக்கக்கூட நான் விடமாட்டேன். உறை பழையது, உள்ளே புதியது என்று வைத்துக்கொண்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

உங்கள் ஃபெண்டர் விஷயத்தில் என் யோசனை வேறு மாதிரி இருக்கும். 1969க்காக வெளித் தகரத்தில் பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார்கள், எனவே 67, 68 ஃபெண்டர் உதவாது, ஃபயர்பேர்டினுடையதும் உதவாது. என்ஓஎஸ் ஃபெண்டர் கிடைத்தாலும் விலை ஆளைச் சாய்க்கும். ரீப்ரொடக்‌ஷன் ஃபெண்டர் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கதவோடும் பானெட்டோடும் இடைவெளி சரியாக வரும்வரை தட்டி, வளைத்து, சபித்து ஒரு வார இறுதி போய்விடும். சக்கரத்துக்குப் பின்னால் இலையும் மண்ணும் தங்கும் அந்தக் கீழ்மூலை மட்டும்தான் போயிருக்கிறது என்றால், அதை வெட்டி எடுத்துவிட்டுப் பேட்ச் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஃபெண்டரில் முக்கால்வாசிக்கு மேல் அசல் தகரமே மிஞ்சும், காருக்குப் பழகிய வளைவும் மாறாது. வெல்டிங் செய்பவர் தகரம் நெளியாமல் புள்ளி புள்ளியாக வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டிய ஒரு வேலை சொல்கிறேன். எஞ்சினின் அந்தத் தட்டையான இடத்தில் கிரீஸும் பெயின்ட்டும் அப்பியிருக்கும். வயர் பிரஷ்ஷோ உப்புத்தாளோ எடுத்துவிடாதீர்கள், ப்ரோச் வரிகள் போனால் உங்கள் ஆதாரமும் போய்விடும். பெயின்ட் ரிமூவரைத் துணியில் நனைத்து அரை மணி நேரம் போட்டுவையுங்கள், பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் ட்ரிம் டேக்கின் படத்தையும் போடுங்கள். எந்த கார்புரேட்டர், எந்தத் தேதிக்குள் தேட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.